வியாழன்தோறும் நான்கு யூரோ இருபது

வங்கி அலுவலர் பெயர் மெர்வி.
என் வயதுதான் இருக்கும், நாற்பத்தாறு.
மேசையில் ஒரு கள்ளிச்செடி.
நிஜமா பிளாஸ்டிக்கா என்று
தொட்டுப் பார்க்கக் கை துறுதுறுத்தது.
கடன் கேட்டு வந்தவள்
எதையும் தொடக்கூடாது என்று
கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

சன்னலுக்கு வெளியே இரண்டு மணிக்கே இருட்டு.
டிசம்பரில் கெமி நகரத்துக்குச்
சூரியன் பகுதிநேர வேலைக்குத்தான் வருகிறது.
அதற்கும் யாரும் வீட்டுக்கடன் தரமாட்டார்கள்.

"இங்கே ஒரு இடைவெளி இருக்கிறதே" என்றாள்.
பதினான்கு மாதம்.
விழுந்த பல்லின் இடத்தை
நாக்கு தேடிப் போவதுபோல
அவள் விரல் மறுபடி மறுபடி
அங்கேயே போய் நின்றது.

ஆலை மூடியதைச் சொன்னேன்.
ஊருக்கே தெரிந்ததை
ஊரில் பிறந்தவளிடமே சொன்னேன்.
படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது.
கட்டம் வெளியூர்.

பத்தொன்பது வருடம் காகித உருளைகளுக்கு
உறை சுற்றியவள் நான்.
இந்த வங்கியின் பழைய படிவங்கள்கூட
என் கை பட்டுப் போனவையாக இருக்கலாம்.
அதைச் சொல்லவில்லை.
சொன்னால் சலுகை கேட்பதுபோல் ஆகிவிடும்.

இப்போது மருத்துவமனைச் சலவையகத்தில்
நிரந்தர வேலை, தகுதிகாண் காலம் முடிந்த கடிதம்,
எல்லாம் இருக்கிறது, பாருங்கள்.
பார்த்தாள்.
பார்த்துவிட்டு இடைவெளிக்கே திரும்பினாள்.

வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி வாழ்ந்ததற்கு
வங்கிக் கணக்கைவிட நல்ல நாட்குறிப்பு கிடையாது.
ஜூனில் பனிச்சறுக்குக் கட்டை விற்ற பணம், வரவு.
செப்டம்பரில் வாளி வாளியாய் லிங்கன்பெர்ரி, வரவு.
மகள் வேராவின் பள்ளிச் சுற்றுலா, செலவு, இரண்டு தவணை.
நவம்பரில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை.
அந்த நவம்பரை எப்படிக் கடந்தேன் என்று
எனக்கே தெரியாது.

"வியாழன்தோறும் நான்கு யூரோ இருபது."
மெர்வி கண்ணாடியைக் கழற்றினாள். "இது என்ன?"

சூதாட்டமா என்று கேட்கவில்லை.
கேட்காமல் கேட்கக் கற்றுத் தந்திருக்கிறார்கள்.

பட்டாணி சூப், என்றேன்.
ஆலை உணவகத்தில் வியாழன் என்றால் பட்டாணி சூப்.
ஆலை போனது, வியாழன் போகவில்லை.
தேவாலயத்துக்கு எதிர்ச்சாரியில்
வேலையில்லாதோர் சங்கம் சமைத்துப் போட்டது.
வேலை இருப்பவர்க்கு ஒன்பது யூரோ,
எங்களுக்கு நான்கு இருபது.
ரைமோ, ஸோய்லே, மூன்றாம் ஷிப்ட் கிரேன்காரர்,
எல்லோரும் பழைய வரிசையிலேயே உட்காருவோம்.
ஏதாவது கிடைத்ததா என்று
யாரும் யாரையும் கேட்டதில்லை.
கிடைத்தவர் அடுத்த வாரம் வரமாட்டார்.
நாற்காலி காலியானால் புரிந்துகொள்வோம்.

மெர்வி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு, "கடுகு விழுது போட்டுக்கொள்வீர்களா?" என்றாள்.
நிறைய, என்றேன். கண்ணில் நீர் வரும் அளவுக்கு.
"என் கணவரும் அப்படித்தான்."
அவ்வளவுதான்.
எந்த நாற்காலி என்று நான் கேட்கவில்லை.
காலிக் கட்டத்தில் ஏதோ தட்டினாள்.
ஒரு வரிதான். என்ன வரி என்று தெரியாது.

கேட்டதைவிடப் பதினோராயிரம் குறைவு.
வட்டி கால் சதவீதம் கூடுதல்.
அடைத்து முடிக்கும்போது எனக்கு எழுபத்தொன்று.
இரண்டு அறை, மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது,
குளியலறை ஓட்டில் தலைமுடிபோல ஒரு விரிசல்.
ஆகட்டும்.
விரிசலும் என் பெயருக்கு வரும்.

படியிறங்கியபோதுதான்
கள்ளிச்செடி நினைவு வந்தது.
திரும்பிப் போகவில்லை.

நாளை வியாழன். சலவையகத்தில் எனக்கு மாலை ஷிப்ட்.
அதற்கு முன் ஒரு நடை போய் வரலாம்.
கல்லாவில் கேட்பார்கள், எந்த விலை?
ஒன்பது, என்பேன்.
என் நாற்காலியில் யாராவது இருந்தால்
நின்றுகொண்டே குடிப்பேன்.